ரூபின்ஸ்டைன் ஆட்டத்தில் 22வது நகர்த்தலுக்கு ஓடாதீர்கள்

வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் பக்கம் செஸ் கற்கும் பிள்ளைகளில் பலருக்கு 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் நடந்த ஆட்டம் தெரியும். போலந்து ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைன் கருப்புக் காய்களுடன் ஆடி, வெள்ளையாக ஆடிய ரோட்லெவியை வென்ற ஆட்டம். தெரியும் என்றால், 22வது நகர்த்தலில் ராணியை வெட்டக் கொடுத்து, யானையால் சி3 (சி வரிசையின் மூன்றாவது கட்டம்) குதிரையை அடிப்பது தெரியும். அந்த யானை எப்போது சி8க்கு வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நகர்த்தலைத் தப்பாக எழுதுவது போன்ற சின்னத் தவறுகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுவோம். இந்த ஆட்டத்தைப் படிக்கும்போது செய்யும் பெரிய தவறுகள் இவை.

மொபைலில் பார்ப்பது

மொபைல் வேண்டாம், பலகையை விரித்துக் காய்களை அடுக்குங்கள்.

அமைதியான ஓப்பனிங்கைத் தாண்டிப் போவது

"முதல் 15 நகர்த்தலும் சும்மா காயை வெளியே எடுக்கிறதுதானே சார்?" எத்தனை முறை கேட்டாலும் இந்தக் கேள்விக்கு எரிச்சல் அடங்குவதில்லை. ஆட்டம் பாதி முடிந்ததே அங்கேதான்.

வெள்ளை 15வது நகர்த்தலில் கேஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாக ஒதுக்குவது) செய்ததும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும். வெள்ளை ராணி இ2இல், கருப்பு ராணி இ7இல். பிஷப்புகள் இங்கே பி2, டி3. அங்கே பி7, டி6. சிப்பாய்களும் அப்படியே. ஒரே வித்தியாசம், கருப்பின் யானை எஃப்8இல் இல்லாமல் டி8இல் நிற்கிறது. அடுத்து ஆடப்போவதும் கருப்புதான். முதலில் ஆடத் தொடங்கிய வெள்ளை எங்கே பின்தங்கியது?

நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு காயும் எத்தனை தடவை நகர்ந்தது என்று எண்ணுங்கள். வெள்ளை பிஷப் 11வது நகர்த்தலில் டி3க்கு வருகிறது, 12இல் சி4இல் அடிக்கிறது, 13இல் மறுபடி டி3க்கே திரும்புகிறது. ஒரே தாவலில் போகிற இடத்துக்கு மூன்று நகர்த்தல். ராணி 10இல் டி2, 14இல் இ2. ஆக மூன்று வீண். கருப்போ, பிஷப்பை சி5, டி6 என்று இரண்டு தடவையில் வைத்ததில் ஒன்றைத்தான் விட்டது. கருப்புக்கு லாபம் இரண்டு டெம்போ, அதாவது இரண்டு நகர்த்தல் நேரம்: ஒன்று அந்த டி8 யானை, இன்னொன்று அடுத்து ஆடும் வாய்ப்பு.

இது தானாக வந்த லாபமும் இல்லை. வெள்ளை பிஷப் எஃப்1ஐ விட்டுக் கிளம்பும்வரை ரூபின்ஸ்டைன் சி4 சிப்பாயை அடிக்காமல் பொறுத்திருந்தார். அவர் அடித்து, பிஷப் திருப்பி அடித்ததும் பி5 தள்ளி அதைத் துரத்தினார். 13இல் யானையை டி8க்குக் கொண்டுவந்து, அதே வரிசையில் நின்ற ராணியை எழுப்பிவிட்டார்.

இப்போது 22க்கு வாருங்கள். 23இல் டி2க்குப் பாய்ந்து வெள்ளை ராணியை இ4இன் காவலிலிருந்து இழுப்பது அதே டி8 யானை. 24இல் இ4இல் அடித்துச் செக் சொல்லும் பிஷப் 14இல் பி7க்கு வந்தது. 25இல் எச்3இல் நின்று ஆட்டத்தை முடிக்கும் யானை 18இல் சி8க்கு வந்தது. தியாகத்தை மட்டும் வீடியோவில் பார்த்த பிள்ளை அடுத்த டோர்னமென்ட்டில் யானையைக் கொடுத்துவிடும். பின்னால் வந்து அடிக்க ஒரு காயும் தயாராக இருக்காது.

தோற்றவரை மட்டமாக நினைப்பது

17இல் ரோட்லெவி எஃப்4 தள்ளியதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தள்ளாவிட்டால் இ5இல் நின்ற கருப்பு பிஷப் எச்2இல் அடித்துச் செக் சொல்லும். ராஜா அதை அடித்தால், கருப்பு ராணி டி6இலிருந்து செக் கொடுத்து டி3 பிஷப்பை எடுத்துக்கொள்ளும், ஒரு சிப்பாய் போய்விடும். எஃப்4க்குக் காரணம் இருந்தது. ஆனால் 18, 19இல் இ வரிசைச் சிப்பாயும் முன்னே ஓடியதும் ஜி1 வரை குறுக்குவழி திறந்து, பி6இலிருந்து செக் விழுந்தது. கடைசியில் ராஜா ஜி1க்கு ஒதுங்க முடியாததும் அந்த பி6 பிஷப்பால்தான்.

எஞ்சின்

நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல் இது. ஆட்டத்தை மூன்றாவது முறை பார்க்கும்போது திறந்தால் போதும்.

ஒப்பிப்பது

25 நகர்த்தலையும் மனப்பாடமாகச் சொல்வதால் பயனில்லை. நகர்த்தல்களை ஒரு அட்டையால் மூடி, கருப்பு என்ன ஆடும் என்று எழுதியபிறகு இறக்கிப் பாருங்கள். 10இல் கருப்பு ராணி இ7க்கு வரும்போது டி5 சிப்பாய்க்குக் காவல் பத்தாது. வெள்ளை ஏன் அதைப் பிடுங்கவில்லை என்பதற்கு மட்டும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பிடுங்கினால், பரிமாற்றமெல்லாம் முடிந்து 13இல் வெள்ளை ராணி டி5இல் வந்து நின்றதும் பிஷப் இ6க்கு வந்து அதைத் தாக்கும், அடுத்து யானை டி8க்கு வரும், வெள்ளை ராஜாவோ இன்னும் இ1இலேயே நிற்கும்.