கஷ்டத்தையும் அதைத் தாங்குவதையும் ஆங்கிலத்தில் சரியாக எழுதுவது எப்படி?

கடன் தொல்லை, காய்ச்சல், கணக்குப் பாடம் எல்லாவற்றையும் நாம் கஷ்டம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், நேர்ந்தது எத்தகைய துன்பம், எவ்வளவு காலம் நீடித்தது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே சொல்லைத் தேட வேண்டும்.

பணமோ உணவோ உறைவிடமோ போதாமல் வாடும் நிலைக்கு ஹார்ட்ஷிப் பொருந்தும். கட்டணச் சலுகை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ‘ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப்’ என்பதே உரிய சொல். பலரும் எழுதும் ‘சஃபரிங்’ உடல்வலியையும் மனவேதனையையும் குறிப்பது. இரண்டு நாள் காய்ச்சலுக்குக்கூட ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று விடுப்புக் கடிதம் எழுதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது; ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்றாலே போதும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்ல அண்டர்கோ. வாழ்வின் இன்னல்களைப் பொதுவாகக் குறிக்கும் அட்வர்சிட்டி பெரும்பாலும் ஏட்டு வழக்கு. கடும் சோதனை என்று பொருள்படும் ஆர்டீல் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டும்: இடைக்கால ஐரோப்பாவில், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் செய்து ஒருவர் குற்றவாளியா என்று தீர்மானித்த சோதனைக்கு இதுவே பெயர் என்பதால், பேருந்துக்குக் காத்திருந்ததை இச்சொல்லால் குறிப்பது பொருந்தாது.

தாங்குவதைச் சொல்லும் வினைச்சொற்களில்தான் தடுமாற்றம் அதிகம். நெடுநாள் கடுந்துன்பத்தைத் தாங்குவது என்டியூர். அழுத்தத்துக்கோ தாக்குதலுக்கோ உடையாமல் நிற்பது வித்ஸ்டாண்ட். 1914இல் அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கப்பலுக்கு என்டியூரன்ஸ் என்றே பெயர். 1915இல் பனிக்கட்டி நெரித்ததில் அது உடைந்து மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் பல மாதங்கள் குளிரிலும் பட்டினியிலும் கிடந்து உயிருடன் மீண்டனர். கப்பலால் பனியின் அழுத்தத்தை வித்ஸ்டாண்ட் செய்ய முடியவில்லை, மனிதர்கள் குளிரை என்டியூர் செய்தார்கள் என்று எழுதுவதே இங்கு முறை. மனம் தளராமல் முயற்சியைத் தொடர்ந்ததைச் சொல்ல வேண்டுமானால் பெர்சிவியர் என்ற சொல் இருக்கிறது.

அன்றாட எரிச்சல்களுக்கு இவை எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது ‘புட் அப் வித்’. நாம் ஓயாமல் சொல்லும் ‘அட்ஜஸ்ட்’, இந்தியாவுக்கு வெளியே புதிய சூழலுக்குப் பழகிக்கொள்வதையோ ஒன்றைச் சற்றே மாற்றியமைப்பதையோ குறிக்குமென்பதால், வெளிநாட்டவருக்கு எழுதும்போது அதைத் தவிர்ப்பது நல்லது. பொறுக்கவே முடியாது என்பதற்கு ‘கான்ட் ஸ்டாண்ட்’, ‘கான்ட் பேர்’ இரண்டும் இயல்பானவை. ஆனால் பொறுத்துக்கொண்டேன் என்று உடன்பாடாகச் சொல்ல ஸ்டாண்ட் அவ்வளவாகப் பயன்படாது. சற்றுப் பொறுங்கள் என்று மின்னஞ்சலில் கேட்க ‘பேர் வித் மீ’ மரியாதையான தொடர்; அதில் வரும் பேர் என்பதைக் கரடிக்குரிய எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டுமேயன்றி, வெறுமை என்று பொருள்படும் மற்றொரு சொல்லின் எழுத்துக்கூட்டலில் எழுதக் கூடாது.