சுண்டெலி ஈ-கேடெரின் தட்டில் செல்களை ஒட்டவைப்பது எப்படி? (முதல்முறை செய்பவர்களுக்கு)

ஈ-கேடெரின் என்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம். அது வரும் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும். பதற வேண்டாம். 100 மைக்ரோகிராம் புரதத்தை உறையவைத்து உலர்த்தினால் அடியிலோ சுவரிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். பல நேரம் அதுவும் கண்ணில் படாது.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்த சுண்டெலி ஈ-கேடெரின். புரதத்தில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, மனித ஆன்டிபாடியின் எஃப்சி எனப்படும் அடிப்பகுதியோடு இணைத்திருப்பார்கள். ஒரு செல்லின் ஈ-கேடெரின் பக்கத்துச் செல்லின் ஈ-கேடெரினைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அடிப்படை. எனவே தட்டில் இதைத் தடவிவிட்டால், ஈ-கேடெரின் உள்ள செல்கள் தட்டையே பக்கத்துச் செல்லாக எண்ணி ஒட்டும். ஆனால் கால்சியம் இருந்தால்தான். வெளிப்பகுதியின் ஐந்து கூறுகளுக்கும் இடையில் கால்சியம் அயனிகள் உட்கார்ந்தால் புரதம் விறைத்து நிற்கும், இல்லையென்றால் துவண்டுவிடும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வையுங்கள்.

படி 1: கரைத்தல்

குப்பி அறை வெப்பநிலைக்கு வரட்டும். திறக்கும் முன் சென்ட்ரிபியூஜில் சில விநாடிகள் சுற்றுங்கள், மூடியில் ஒட்டியது கீழே இறங்கிவிடும். எந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) கரைப்பது என்று கூடவே வரும் தாளில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். 100 மைக்ரோகிராமை 0.5 மில்லிலிட்டரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம். குழாயை வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவி பக்கமே போகாதீர்கள், நுரை புரதத்தைக் கெடுக்கும். மெதுவாகச் சுழற்றி அரைமணி நேரம் வைத்தால் போதும்.

வாங்கும்போதே பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் ஆல்புமின் புரதம்) சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சேர்த்திருந்தால் தட்டில் இடம் பிடிக்க அதுவும் போட்டிக்கு வரும்.

படி 2: பிரித்து வைத்தல்

ஒருமுறைக்குத் தேவையான அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். உருக்கி உருக்கி மீண்டும் உறையவைக்கக் கூடாது.

படி 3: தட்டில் தடவுதல்

96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று தொடங்கலாம். 24 குழிகளுக்கு 1.2 மில்லிலிட்டர் போதும் என்று கணக்கு சொல்லும். பிப்பெட்டில் கொஞ்சம் போய்விடும், 1.3 ஆகக் கலக்குங்கள்: 65 மைக்ரோலிட்டர் புரதக் கரைசல், 1,235 மைக்ரோலிட்டர் கால்சியம் உள்ள பஃபர். இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில குழிகளில் எஃப்சி மட்டும் தடவுங்கள், சிலவற்றில் ஒன்றுமே வேண்டாம். மறுநாள் எல்லாக் குழிகளிலும் 1% பிஎஸ்ஏ ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால், வெற்று பிளாஸ்டிக்கில் செல்கள் ஒட்டுவது குறையும்.

படி 4: செல்களைப் பிரித்தெடுத்தல்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி), ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இரண்டும் கலந்த வழக்கமான கலவையை ஊற்றினால் செல்கள் அழகாகப் பிரிந்து வரும், ஆனால் அவற்றின் ஈ-கேடெரினும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கால்சியம் இருந்தால் டிரிப்சினால் அதை எளிதில் வெட்ட முடியாது, ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பறித்துவிடுகிறது. 1970-களில் ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி தாக்கெய்ச்சி கேடெரின்களைக் கண்டுபிடிக்க வழிவிட்டதே இந்த வேறுபாடுதான். கியோட்டோவில் அவர் பயன்படுத்திய டிரிப்சினில் ஈடிடிஏ இல்லை, அமெரிக்காவில் வேலை செய்த ஆய்வகத்தில் இருந்தது. அங்கே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அதனால் டிரிப்சினே இல்லாமல் ஈடிடிஏ மட்டும் உள்ள பஃபரில் பிரித்து, உடனே கழுவி, கால்சியம் உள்ள, ஆனால் சீரம் இல்லாத ஊடகத்தில் மாற்றிவிடுங்கள். சீரத்தில் ஃபைப்ரோநெக்டின் போன்ற ஒட்டும் புரதங்கள் இருக்கின்றன, அவை தாமாகவே செல்களை ஒட்டவைத்து உங்களை ஏமாற்றும்.

படி 5: ஒட்டவிடுதல், கழுவுதல்

குழிக்கு 30,000 செல்கள், 100 மைக்ரோலிட்டரில், 1 மில்லிமோலார் கால்சியத்தோடு. ஒப்பிடுவதற்காக, புரதம் தடவிய சில குழிகளில் மட்டும் 5 மில்லிமோலார் ஈடிடிஏ சேருங்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

அப்புறம் கழுவ வேண்டும். முதல் தடவை இதைச் செய்தபோது எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் கைக்கு எட்டிய சாதாரண பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக்கரைசல்) ஊற்றிக் கழுவினேன். அதில் கால்சியம் கிடையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குழி துடைத்துவிட்டது போல இருந்தது, இரண்டு நாள் வேலை போச்சு! கால்சியம் உள்ள பஃபரைக் குழியின் ஓரமாக மெதுவாக விட்டு இரண்டு மூன்று முறை கழுவுங்கள். தட்டைக் கவிழ்த்து உதறாதீர்கள்.

படி 6: அளத்தல்

4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைநிறுத்தி, 0.1% கிரிஸ்டல் வயலெட்டில் சாயமேற்றி, நன்றாகக் கழுவி, சாயத்தை 10% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 590 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று படியுங்கள்.

ஈ-கேடெரின் குழிகளில் அளவு உயர்ந்து, ஈடிடிஏ சேர்த்த குழிகளில் விழுந்திருந்தால் சரி. ஈடிடிஏ சேர்த்தும் விழவில்லையென்றால், ஒட்டியது கேடெரினால் அல்ல. பிஎஸ்ஏ போதவில்லையா, சீரம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று பாருங்கள். எஃப்சி மட்டும் தடவிய குழியிலும் செல்கள் நிற்கின்றனவா? அப்படியென்றால் அவற்றில் எஃப்சியைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கலாம். மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) வகைச் செல்களில் இது சகஜம், அவற்றுக்கு எஃப்சி இணைக்காத புரதத்தை வாங்குவதே நல்லது.