தகரக் கூரைக்குக் கீழே ஒரு தனிப் பாட்டுத் தொகுப்பு

இசைக்குழுவில் பாடிய ஒருவர், இலங்கை மலையகத்தின் தோட்ட லயம் ஒன்றில் (தொழிலாளர் வரிசை வீடு) ஒற்றைக் கிட்டாரோடு தனித் தொகுப்பைப் பதிவதற்கான குறிப்புகள் இவை. இசைக்குழுவில் ட்ரம்ஸுக்கு மேலால் கேட்கவேண்டும் என்று உரத்துப் பழகிய தொண்டை, ஒற்றைக் கிட்டாரின் முன்னாலும் உரக்கத்தான் பாடும். முதலில் அதை இறக்கவேண்டும். கிட்டாரின் சுதியை அரைச்சுரம் தணித்து, பக்கத்தில் தூங்கும் பிள்ளை எழும்பாத அளவுக்குப் பாடுங்கள். சொல் தெளிவாக விழுந்தால் அதுதான் தொகுப்பின் குரல். பேஸ் கிட்டார் இல்லாத குறையைப் பெருவிரல் தீர்க்கும்: பருத்த மூன்று கம்பிகளும் அதற்கு, மெல்லிய மூன்றும் மற்ற விரல்களுக்கு. வெற்றிடம் தெரிகிறதே என்று இன்னொரு கிட்டாரைச் சேர்க்கத் தோன்றும். எட்டுப் பாட்டில் இரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் பாட்டுகள் மூச்சுவிடுகின்றன.

அடுத்தது மழை. தகரத்தில் விழும் சத்தத்தை மென்பொருளால் துடைத்தால் குரலும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஆகவே காலத்தைத் தெரிந்தெடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; அங்கே ஜனவரி, பெப்ரவரி நல்லது. பதுளை, பண்டாரவளையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வசதி. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாததால் பக்கத்து வீட்டுப் பேச்சு மேலால் வந்துவிடும். இரவு பத்துக்குப் பிறகு தொடங்கி, பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) ஆட்கள் எழும்புமுன் முடித்துவிடுங்கள்.

அறையின் எதிரொலியைக் குறைக்கக் கம்பளியை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவது வழக்கமான பிழை. கார்டியோயிட் மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். ஆகவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கம்பளி கட்டுங்கள். குரல் மைக் வாயிலிருந்து 15 சென்ரிமீற்றர். கிட்டார் மைக் கிட்டார்க் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்) நேரே 25 சென்ரிமீற்றர். துளைக்கு நேரே வைத்தால் குமுறும். அந்த மைக் வாயிலிருந்து குறைந்தது 45 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு மைக்கிலும் விழும் குரல் ஒன்றையொன்று வெட்டி மெலியும். 24 பிட்டில் பதிந்து, ஒலிமட்டத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். இரைச்சல் வந்தால் முதலில் லெப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள்.

ஈரம் கொண்டென்சர் மைக்கைப் படபடக்க வைக்கும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மிக அதிகமானால் மேற்பலகை உப்பி, கம்பி உயர்ந்து, விரல் வலிக்கும். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் அறையில் வைத்த பிறகே சுதி சேருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் மறுபடி பாருங்கள். குளிர் ஏற ஏறக் கம்பி சுருங்கிச் சுதி கூடும்.