கடற்காற்றில் துளசி காயவைப்பது

காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடியில் எட்டுத் தொட்டி துளசி இருக்கிறது. வளர்ப்பது சுலபம், காயவைப்பதுதான் பாடு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம்.

பூக்கதிர் தலைகாட்டும்போதே வெட்டுங்கள், அப்போதுதான் வாசம் நிறைய இருக்கும். காலையில் பனி உலர்ந்தபின் வெட்டினால் நல்லது. வெயிலில் மட்டும் போடாதீர்கள். துளசிக்கு அந்தக் கிராம்பு வாசத்தைத் தரும் யூஜினால் எண்ணெய் சூட்டில் பறந்துவிடும், இலையும் கறுத்துப்போகும்.

ஆறேழு கிளைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். நூல் வேண்டாம். தண்டு காய்ந்து சுருங்கும்போது நூல் தளர்ந்து கட்டு கீழே விழும், ரப்பர் தானாக இறுகிக்கொள்ளும். வெயில் படாத அறை, ஜன்னல் திறப்பு, மெதுவாக ஓடும் ஃபேன், அவ்வளவுதான். காற்று நேராகத் துளசிக் கட்டின் மேல் அடிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் வெட்டுவதே இல்லை.

தண்டு வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இலையைப் பொடிக்காமல் உருவி, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி நிரப்புங்கள். அப்புறம் ஒரு வாரம் தினமும் திறந்து பாருங்கள். உள்ளே ஆவி படிந்திருந்தால் தயங்காமல் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி காயவையுங்கள். போன வருஷம் இதை விட்டுவிட்டு ஒரு பாட்டில் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. பூஞ்சை வந்ததைக் கழுவிக்கூடப் பயன்படுத்தக்கூடாது, குப்பைக்குத்தான்.

பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், இருட்டு அலமாரியில் வையுங்கள்.