ஐ.டி.க்கு மாறும்போது பழைய வேலையை ரெஸ்யூமேயில் எங்கே வைப்பது?

ஒரு சனிக்கிழமை வாக்-இன் இன்டர்வியூ. ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் கோளாறு வந்தால் கவனிக்கும் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசியாக வந்தவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறு வருடம் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவர். ரெஸ்யூமே இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பைத்தான், ஜாவா, எஸ்.க்யூ.எல்., ஏ.டபிள்யூ.எஸ்., டாக்கர் என்று பதினான்கு பெயர்கள். ஆறு வருட வேலை இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரி. கம்பெனி பெயர், வருடம், அவ்வளவுதான்.

பைத்தானில் இரண்டு கேள்வி கேட்டேன். திணறினார். சரி, சாப்பிடப் போகலாம் என்று காகிதத்தை மடிக்கும்போது சும்மா ஒரு கேள்வி போட்டேன்: "நைட் ஷிஃப்ட்ல லைன் நின்னுட்டா முதல்ல என்ன சார் பண்ணுவீங்க?"

அடுத்த இருபது நிமிடம் அவர்தான் பேசினார். எந்த அலாரம் முதலில் வந்தது என்று பார்ப்பாராம். முந்தைய ஷிஃப்டில் யார் எதை மாற்றினார்கள் என்று லாக் புத்தகத்தைப் புரட்டுவாராம். எப்படியாவது லைனை ஓடவிட்டுவிட்டு, காலையில் உட்கார்ந்து ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு உண்மையான காரணத்தைப் பிடிப்பாராம். நாங்கள் தேடிக்கொண்டிருந்த வேலை அதுதான். மெஷின் இருந்த இடத்தில் சர்வர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவர் கொடுத்த காகிதத்தில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

நானே அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து டெஸ்டிங்குக்கு வந்தவன்தான். என் முதல் ரெஸ்யூமேயும் இதே லட்சணம்தான். பழைய வேலையைச் சொன்னால் "இவர் ஐ.டி. ஆள் இல்லை" என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம். ஐ.டி.க்கு மாறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறே இந்தப் பயத்தில் பழைய வேலையை மறைப்பது. மற்ற பல தவறுகள் இதற்குப் பிறந்த குட்டிகள்.

அவருக்கு அன்று வேலை கிடைக்கவில்லை. டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். போதவில்லை. ஆனால் ரெஸ்யூமேயை எப்படி மாற்றலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருந்தது. இங்கே தமிழில் சொல்கிறேன்.

எழுதச் சொன்னபோது அவர் முதலில் எழுதியது: "மெஷின்களின் பராமரிப்புக்குப் பொறுப்பு." இதில் ஒன்றும் இல்லை. எத்தனை மெஷின், எத்தனை ஷிஃப்ட், நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று கேட்கக் கேட்க, அந்த வரி இப்படி ஆனது: "42 மெஷின்கள் ஓடும் லைனுக்கு, மூன்று ஷிஃப்டிலும் வரும் பிரேக்டவுன் அழைப்புகளைக் கவனித்தேன். ஒவ்வொரு பெரிய பிரேக்டவுனுக்கும் மூல காரண அறிக்கை எழுதினேன்." அடுத்த வரி: "பிரேக்டவுன் பதிவுகளை எக்செல்லில் பிவட் டேபிள் போட்டு அலசி, அடிக்கடி நிற்கும் மூன்று மெஷின்களை அடையாளம் கண்டேன். அவற்றின் ஸ்பேர்களை முன்கூட்டியே வாங்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தேன்."

இதைப் படிக்கும் சப்போர்ட் மேனேஜருக்கு ஷிஃப்ட், அழைப்பு, மூல காரணம் என்ற சொற்கள் எல்லாமே வீட்டுச் சொற்கள். மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. இதற்கு மேல் போய், மெஷின் பிரேக்டவுனை "இன்சிடென்ட் மேனேஜ்மென்ட்" என்று ஜோடித்து, தொடவே தொடாத, புகார்களைப் பதிவுசெய்யும் டிக்கெட்டிங் டூலின் பெயரையும் பக்கத்தில் ஒட்டக்கூடாது. இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

"ஐ.டி.யில் ஏதாவது ஒரு வேலை"

இப்படி ஒரு வேலை கிடையாது. டெஸ்டிங், சப்போர்ட், டேட்டா அனலிஸ்ட், கிளவுட், வெப் டெவலப்மென்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்புகிறவர்கள் அதிகம். எதற்கும் பொருந்தட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டுவார்கள். படிக்கிறவருக்கு இவர் எதற்கு வந்தார் என்றே புரியாது.

முதலில் ஒரு கதவைத் தேர்ந்தெடுங்கள். பழைய வேலைக்குப் பக்கத்துக் கதவாக இருந்தால் நல்லது. வங்கியில் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு பேட்சாக ஓடுகிறது, ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும், பெறுபவரின் கணக்கு மூடப்பட்டிருந்தால் பணம் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேங்கிங் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்யும் டீமில் இவை ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட் கேஸ். கல்லூரியிலிருந்து நேராக வந்த பையன் இதைக் கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த வங்கி ஊழியரின் ரெஸ்யூமேயில் "கேஷ் கவுன்டர், வாடிக்கையாளர் சேவை" என்று மட்டும் இருக்கும்.

மெடிக்கல் கோடிங்கில் இருந்தவருக்கு அமெரிக்க ஹெல்த்கேர் கிளெய்ம் சாஃப்ட்வேர் பக்கத்துக் கதவு. நோய்களுக்குக் கொடுக்கும் ஐ.சி.டி.-10 கோடு தெரிந்த, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஏன் மறுக்கப்படுகிறது என்று தெரிந்த டெஸ்டருக்கும் பிசினஸ் அனலிஸ்டுக்கும் அங்கே மதிப்பு உண்டு. கால் சென்டரில் இருந்தவருக்கு சர்வீஸ் டெஸ்க். பக்கத்துக் கதவு பிடிக்கவில்லை, தூரத்துக் கதவுதான் வேண்டும் என்றாலும் தவறில்லை. பயணம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

ரெஸ்யூமேயின் அடுக்கும் இதைப் பொறுத்துத்தான். பேருக்குக் கீழே நீங்கள் கேட்கும் வேலையைச் சொல்லும் ஒரு வரி, மூன்று வரிச் சுருக்கம், ஸ்கில்ஸ். அதற்கு அடுத்து எது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பழைய வேலை புது வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் அனுபவம் முதலில், ப்ராஜெக்ட் பிறகு. சம்பந்தமே இல்லையென்றால் ப்ராஜெக்ட் முதலில். எப்படியானாலும் அனுபவத்தில் வருடம், மாதத்தோடு கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். தேதிகளைத் தூக்கிவிட்டுத் திறமைகளை மட்டும் தலைப்புப் போட்டு எழுதும் ஒரு வகை உண்டு. வேலை மாறுகிறவர்களுக்கு அதுதான் சிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேதி இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்தால் ஹெச்.ஆருக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

"கேரியர் அப்ஜெக்டிவ்" என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். சவாலான சூழலில் வளர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன் என்று உலகத்தில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

ஸ்டார் போட்ட ஸ்கில்ஸ்

பைத்தான் ஐந்துக்கு நான்கு ஸ்டார், எஸ்.க்யூ.எல். 80 சதவீதம் என்று பட்டை வரைந்து அனுப்புகிறார்கள். மீதி 20 சதவீதம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எதற்கு எந்தக் கேள்வி வந்தாலும் பதினைந்து நிமிடம் பேச முடியுமோ அதை மட்டும் போடுங்கள். எஸ்.க்யூ.எல். என்று போட்டால் லெஃப்ட் ஜாயினுக்கும் இன்னர் ஜாயினுக்கும் வித்தியாசம் கேட்பார்கள், குரூப் பை போட்டு ஒரு குவெரி எழுதச் சொல்வார்கள். கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்த சி, சி++ இன்னும் ஏன் அங்கே இருக்கிறது?

சர்டிஃபிகேட்டைப் பற்றியும் ஒன்று. ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர், சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. இரண்டும் மூன்று வருடம்தான் செல்லும். டெஸ்டிங்கில் ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷனுக்குக் காலாவதி கிடையாது. எடுத்த மாதம், வருடத்தைப் போட்டுவிடுங்கள். அரை நாள் வெபினாரில் கலந்துகொண்டதற்குக் கொடுத்த சர்டிஃபிகேட்டுகளை இவற்றோடு சேர்த்து வரிசையாக அடுக்கினால் நல்லதும் அதில் தொலைந்துவிடும்.

டைட்டானிக் எத்தனை முறை மூழ்கும்

டேட்டா வேலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேரின் ப்ராஜெக்ட் டைட்டானிக்தான். டேட்டா பயிற்சித் தளமான காகிளில் கிடைக்கும் அந்தக் கப்பல் பயணிகளின் 891 வரி டேட்டாவை வைத்து யார் பிழைத்தார், யார் மூழ்கினார் என்று கணிப்பது. படிக்கும்போது அதைச் செய்வது நல்லதுதான். ஆனால் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். எழுதிய கோடைப் போட்டு வைக்கும் கிட்ஹப் பக்கத்தைத் திறந்தால் ஒரே நாளில், ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்) மொத்த ஃபோல்டரும் ஏற்றப்பட்டிருக்கும். ப்ராஜெக்டை விளக்கும் ரீட்மீ ஃபைல் காலியாக இருக்கும்.

இன்ஸ்டிடியூட் கொடுக்கும் டெம்ப்ளேட் இதைவிட மோசம். ஒரே நாளில் நான்கு பேர் ஒரே ஆன்லைன் ஷாப்பிங் ப்ராஜெக்டோடு வந்தார்கள். நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. யாரும் வாங்காத பொருளை நான்கு பேரும் கார்ட்டில் போட்டு வைத்திருந்தார்கள்.

பழைய வேலையிலிருந்து ஒரு சின்ன பிரச்சினையை எடுங்கள். மெயின்டனன்ஸ்காரர் என்றால் பிரேக்டவுன் பதிவை ஒரு டேட்டாபேஸில் ஏற்றி, எந்த மெஷின் எந்த ஷிஃப்டில் அதிகம் நிற்கிறது என்று காட்டும் ஒரு டாஷ்போர்டு. ஜவுளிக்கடையில் கணக்கு பார்த்தவர் என்றால், ஆடி மாதம் எந்தச் சரக்கு தேங்குகிறது என்று காட்டும் ஒன்று. இதில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது: கம்பெனியின் உண்மையான டேட்டாவை எடுத்துவந்து கிட்ஹப்பில் போடாதீர்கள். அது வேலைக்கே உலை வைக்கும் காரியம். அதே வடிவத்தில் நீங்களே பொய் டேட்டா உருவாக்கிக்கொள்ளுங்கள். அது பொய் டேட்டா என்று ரீட்மீயிலும் எழுதிவிடுங்கள். இதையெல்லாம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் உங்களுக்கு ஒரு கதை இருக்கும். டைட்டானிக்கை ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் கோர்ஸில் இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இரண்டு வருட அனுபவம் விலைக்கு

இதைப் பேசாமல் இருக்க முடியாது. ஃப்ரெஷராகப் போனால் யாரும் எடுக்க மாட்டார்கள், இரண்டு வருட ஐ.டி. அனுபவம் காட்டினால்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி, ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தயார் செய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நொந்துபோய் இருக்கும் நேரத்தில் இது ஒரு வழியாகத் தெரியும்.

பி.எஃப். பிடித்த கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு, கம்பெனி மாறினாலும் மாறாத யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் ஒன்று இருக்கும். 2014-ல் வந்த ஏற்பாடு அது. அந்த ஒரு எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று வரிசையாகத் தெரியும். சேரும்போது பல நிறுவனங்கள் கேட்கும் முதல் ஆவணங்களில் இந்த சர்வீஸ் ஹிஸ்டரியும் ஒன்று. தொழிற்சாலையில் பி.எஃப். பிடித்த அதே மாதத்தில் நீங்கள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்ததாக ரெஸ்யூமே சொன்னால், கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை. வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் சில சமயம் சேர்ந்து மாதங்கள் கழித்துத்தான் வரும். அன்றே லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். பையன் வேலை நன்றாகவே செய்துகொண்டிருந்தான்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. மொத்த அனுபவம் ஆறு வருடம், சம்பந்தப்பட்ட அனுபவம் இவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். நௌக்ரியில் மொத்த அனுபவம் கேட்கும் இடத்தில் சிலர் பூஜ்யம் போட்டு ஃப்ரெஷர் ஆகிவிடுகிறார்கள். அதுவும் பிறகு இடிக்கும். நௌக்ரி, லிங்க்டின், ரெஸ்யூமே மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கோர்ஸ் படித்திருந்தால் அந்த ஆறு மாதத்தையும் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு வருடம் ஊரில் இருந்தேன் என்பதும் சொல்லக்கூடிய காரணம்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள்

பல கம்பெனிகளில் ரெஸ்யூமேயை மனிதருக்கு முன் ஒரு சாஃப்ட்வேர் படிக்கிறது. பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த வண்ண டிசைன், டேபிளுக்குள் எழுதியது, படமாக வைத்த எழுத்து எல்லாம் அதற்குச் சரியாகப் புரியாமல் போகலாம். சோதிக்க எளிய வழி: பி.டி.எஃப்.பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். போன் நம்பர் ஒரு மூலையிலும் கம்பெனி பெயர் வேறு மூலையிலும் சிதறிக் கிடந்தால் டிசைனை மாற்றுங்கள். பிரின்ட் எடுத்து போனில் ஸ்கேன் செய்து அனுப்பினால் பேஸ்ட் செய்ய ஒன்றுமே வராது.

அப்பா பெயர், மதம், திருமண நிலை, ஆதார் எண், பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று இடம், தேதி போட்டுக் கையெழுத்து வைப்பதும் வேண்டாம். அது அரசு விண்ணப்பப் பழக்கம்.

ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் நீங்கள் கேட்கும் வேலையும் இருக்கட்டும். அந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர் நான்கு மாதம் கழித்து எஸ்.க்யூ.எல்.லைத் தேற்றிக்கொண்டு வேறோர் இடத்தில் சப்போர்ட் வேலையில் சேர்ந்தார். இப்போது அவருடைய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். போன வாரம் போன் செய்தபோது சொன்னார்: "சார், நாப்பது ஃபைல் வந்திருக்கு. அதுல பதினொண்ணுக்குப் பேரு 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ'. யாரோடது எதுன்னு தெரியல."