மிரண்டு ஒடுங்கும் காப்பக நாய்க்கு வீடு தேடுவது எப்படி?

காப்பகத்துக்கு நாய் பார்க்க வருகிறவர்கள் கம்பியருகே ஓடிவந்து வாலாட்டும் நாயிடம்தான் நிற்பார்கள். மூலையில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கும் நாயைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த நாய்க்கும் வீடு கிடைக்கும். அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ (ASPCA) என்ற விலங்கு நல அமைப்பு, மிக அதிகமாகப் பயந்த 441 நாய்களுக்கு அளித்த பயிற்சியின் விவரத்தை 2022-இல் வெளியிட்டது. அவற்றில் 86 சதவீத நாய்கள் பயிற்சியை முடித்தன. முடித்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே தத்துப் போயின. ஆனால் இதற்கு முறை வேண்டும், பொறுமை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாயைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். காப்பகத்தில் புதிதாகத் தன்னார்வலராகச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

படி 1: பயத்தை அளந்து எழுதுங்கள்

"பயந்த சுபாவம்" என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் பயன் இல்லை. எதற்குப் பயம், எவ்வளவு தூரத்தில் பயம், பயந்தபின் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஒரு நோட்டை எடுத்து ஐந்து நாள் தொடர்ந்து குறியுங்கள்.

கூண்டுக்கு வெளியே, நாய்க்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நக அளவுக்குக் கிள்ளி நாயின் பக்கம் போடுங்கள். சாப்பிடவில்லையா? மூன்று அடி பின்னால் நகர்ந்து மறுபடி போடுங்கள். எத்தனை அடி தள்ளியிருந்தால் நீங்கள் இருக்கும்போதே சாப்பிடுகிறது என்பதுதான் அன்றைய கணக்கு. முதல் நாள் 12 அடி, ஐந்தாம் நாள் 7 அடி என்றால் நாய் தேறி வருகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றத்தை இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

கூடவே உடல்மொழியையும் எழுதுங்கள். வால் வயிற்றோடு ஒட்டுவது, காது பின்னால் படிவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் பயத்தின் அடையாளங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கல்லைப் போல் அசையாமல் கிடக்கும் நாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொடவிடுகிறது, சாது" என்று எழுதிவிடுவார்கள். அது சம்மதம் அல்ல, பயத்தில் உறைந்து போன நிலை. இதை நம்பி அழைத்துப் போனவர் வீட்டில் ஒருநாள் உறைவு கலைந்து கடித்தால், "திடீரென்று கடித்தது" என்று நாய் திரும்பி வரும்.

படி 2: கால்நடை மருத்துவர்

பல்வலி, காதுப் புண், மூட்டு வலி உள்ள நாயும் தொட்டால் மிரளும். பயிற்சிக்கு முன் உடம்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பயம் மிகக் கடுமையாக இருந்தால் மருத்துவர் ஃப்ளுயாக்ஸெடின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைப் பரிந்துரைக்கலாம். அதன் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் பயனில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: கூண்டிலிருந்தே தொடங்குங்கள்

முதலில் ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, அல்லது கூண்டின் பாதியை மறைக்கும் துணி போதும். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வராது என்று சிலர் தயங்குவார்கள். நடப்பது வேறு. பின்வாங்க வழி இருக்கிறது என்று தெரிந்த நாய்தான் எட்டிப் பார்க்கத் துணியும்.

அடுத்து, கூண்டைக் கடக்கும் ஒவ்வொருவரும் நிற்காமல், பார்க்காமல், பேசாமல் ஒரு துண்டுத் தீனியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சாப்பிடுகிறதா என்று திரும்பிப் பார்ப்பதும் கூடாது. ஆள் வந்தால் நல்லது நடக்கும், ஆனால் ஆளால் எந்தத் தொந்தரவும் இல்லை என்பது நாய்க்குப் பதிய வேண்டும்.

நாய் உங்களை நோக்கி வரத் தொடங்கியதும், தீனியை உங்கள் கையருகே வைக்காதீர்கள். நாயின் முதுகுக்குப் பின்னால் போய் விழும்படி போடுங்கள். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. கையிலிருக்கும் கறிக்காக அருகே வரும் நாய், சாப்பிட்டு முடித்ததும் ஆள் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கண்டு பதறும். அந்தப் பதற்றத்தில்தான் கடி விழுகிறது. பின்னால் விழுந்த தீனிக்கு விலகிப் போகும் நாய், நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தானாகத் திரும்பி வரும்.

தொடுவதற்கு மூன்று விநாடிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாமல் மார்பையோ தோளையோ மூன்று விநாடி தடவி, கையை எடுத்துவிடுங்கள். நாய் சாய்ந்து வந்தால் இன்னொரு மூன்று விநாடி. முகத்தைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 5 நிமிடம் வீதம் மூன்று தடவை போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட அது நல்லது. தைரியமான, சண்டை போடாத வேறொரு நாய் கூட இருந்தால் வேலை பாதியாகும். அது மனிதரிடம் போவதைப் பார்த்து இதுவும் பின்தொடரும்.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும். "பழகிவிடும்" என்று கூட்டத்துக்கு நடுவே இழுத்துப் போய் நிறுத்துவதையும் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பல வார உழைப்பு ஒரே நாளில் வீணாகும்.

முடிந்தால் இந்தக் கட்டத்தில் ஃபாஸ்டர் வீட்டுக்கு, அதாவது தத்துப் போகும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்பவர் வீட்டுக்கு, அனுப்பிவிடுங்கள். குரைப்புச் சத்தம் நிறைந்த காப்பகத்தில் தெரியாத குணம் அமைதியான வீட்டில் ஒரு வாரத்திலேயே தெரியும். விளம்பரத்தில் எழுத உண்மையான விஷயமும் கிடைக்கும்.

படி 4: விளம்பரம்

"அன்புக்கு ஏங்கும் பாவப்பட்ட ஜீவன், யாராவது காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் இரக்கப்படுகிறவர்கள் பலர் வருவார்கள். இரக்கம் இரண்டு வாரத்தில் களைத்துப் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"மூன்று வயதுப் பெண் நாய், 14 கிலோ. புது ஆளிடம் முதல் சில நாள் வராது. தெரிந்தவரின் காலடிச் சத்தம் கேட்டால் வால் நுனி மட்டும் ஆடும். துடைப்பத்தையும் உரத்த குரலையும் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடும், பத்து நிமிடத்தில் தானே வெளியே வரும். மற்ற நாய்களோடு நன்றாக விளையாடும். சின்னக் குழந்தைகள் இல்லாத வீடு வேண்டும்."

இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுபவர்கள் குறைவாக இருப்பார்கள். அவர்களில் சரியான ஆள் இருப்பார்.

படத்தைக் கம்பிக்கு வெளியிலிருந்து எடுக்காதீர்கள். நாயின் கண் மட்டத்துக்குத் தரையில் அமர்ந்து, ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். 30 விநாடி வீடியோ ஒன்று பத்துப் படங்களுக்குச் சமம். தெரிந்தவரிடம் எப்படி நடக்கிறது என்பதை அதில் காட்டுங்கள்.

படி 5: வீட்டைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய வீடா, தோட்டம் உண்டா என்பதைவிட இவை முக்கியம்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் வந்து போவார்கள், அன்றாட நேரங்கள் ஒழுங்காக இருக்குமா, வாசல் திறந்தால் நேரே தெருவா, வேறொரு நாய் இருக்கிறதா. கடைசியாக ஒரு கேள்வி: "மூன்று மாதம் இது உங்களைத் தொடவே விடாவிட்டால் என்ன செய்வீர்கள்?" பதில் வரும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். "என்னிடம் எல்லா நாயும் உடனே ஒட்டிக்கொள்ளும்" என்பவரிடம் நாங்கள் அவசரப்பட்டு நாயைக் கொடுப்பதில்லை.

குறைந்தது மூன்று முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை தொடவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து தீனி போட்டுவிட்டுப் போகட்டும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு தடவையாவது வர வேண்டும். கிளம்பும்போது அவர்கள் பயன்படுத்திய துண்டு ஒன்றை வாங்கிக் கூண்டில் போட்டு வைத்தால் வாசனை பழகும்.

படி 6: ஒப்படைக்கும் நாள்

பயந்த நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். அது எப்படிக் கழன்று கொள்கிறது என்பதைத் தெரிந்து வையுங்கள். ஏதோ சத்தம் கேட்கிறது. நாய் உங்களுக்கு முகம் காட்டி நின்றபடியே பின்னால் இழுக்கிறது. தலை தாழ்கிறது, தோள்கள் ஒடுங்குகின்றன, காலர் காதைத் தாண்டிக் கழன்று விழுகிறது. மார்பைச் சுற்றிக் கட்டும் சாதாரண ஹார்னெஸும் முன்னங்கால் வழியாக அதே போல் கழன்றுவிடும். அதனால் இரண்டு பூட்டு: இழுத்தால் ஓரளவு இறுகும் மார்டின்கேல் காலர் ஒன்று, விலா எலும்புக்குப் பின்னாலும் ஒரு பட்டை வரும் ஹார்னெஸ் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி லீஷ் (பிடிகயிறு). கொடுப்பதற்கு முன் நீங்களே பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணைப் புது வீட்டாரின் பெயருக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள். காரில் கூண்டுக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகே கூண்டைத் திறக்க வேண்டும்.

படி 7: வீட்டில்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய, வீட்டு வழக்கம் பிடிபட, இது நம் வீடு என்று தோன்ற. பயந்த நாய்க்கு இது இரண்டு மடங்காகவும் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஓர் அறை மட்டும். படுக்கை, தண்ணீர், ஒளிய ஒரு மூலை. விருந்தாளி வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். முதல் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருக்கலாம். தண்ணீரும் குடிக்காவிட்டால், அல்லது சாப்பிடாமை அதற்கு மேல் நீண்டால், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கட்டிலுக்கடியில் போனால் இழுக்கக் கூடாது. சுற்றுச்சுவர் இருந்தாலும் வெளியே விடும்போது லீஷ் இருக்கட்டும். ஆறடிச் சுவரைத் தாண்டும் நாய்களும் உண்டு.

தப்பியே விட்டால், துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கூவாதீர்கள். தூரத்தில் கண்டால் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து தீனியைச் சிதறிவிடுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் அதன் படுக்கைத் துணியையும் சாப்பாட்டையும் வையுங்கள். பெரும்பாலும் தெரு அடங்கிய பிறகு அங்கேயே வரும்.

ஒப்படைத்த 2, 7, 21, 90 ஆகிய நாள்களில் நீங்களே கூப்பிடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "நேற்று எங்கே படுத்தது? உங்கள் முன்னால் சாப்பிட்டதா? எத்தனை அடி தள்ளி?" என்று கேளுங்கள். சரிப்பட்டு வராவிட்டால் எந்த நாளிலும், எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்தால், அந்த வீட்டில் தெரிந்துகொண்டதை முதல் நாள் தொடங்கிய அதே நோட்டில் சேர்த்து எழுதி, விளம்பரத்தைத் திருத்துங்கள்.