ஜேசிபியின் முன் பக்கெட்டைப் பழகுகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

பொக்லைன் என்றாலும் ஜேசிபி என்றாலும் ஊரில் பெரும்பாலும் ஒரே வண்டியைத்தான் சொல்கிறார்கள்: முன்னால் அள்ளும் லோடர், பின்னால் தோண்டும் கை. பழக வரும் தம்பிகளுக்குப் பின் கையின் மேல்தான் ஆசை. ஆனால் அது வண்டியை ஊன்றி நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை. முன் பக்கெட்டோ சுமையோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அதை முதலில் பழகுங்கள். குவியலில் இருந்து எம்-சாண்டை அள்ளி டிப்பரில் போடும் வேலையை வைத்தே சொல்கிறேன்.

சாவி போடும் முன்

வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். இஞ்சின் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் இஞ்சின் சூடாகும் முன்பே பாருங்கள். டயரில் வெட்டு இருக்கிறதா, மூட்டுகளில் உள்ள இரும்புப் பின்களுக்கு கிரீஸ் போட்டிருக்கிறதா, பக்கெட் பல் ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தால் மட்டும் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. கார் டயரில் 2 பார் அளவுக்குத்தான் காற்று இருக்கும். வேலை செய்யும் ஹோஸுக்குள் 200 பாருக்கு மேல் போகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் இருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், ஈரம் படும் இடத்தில் கசிவு. தோலில் அப்படிப் புள்ளி விழுந்தால் மருந்துக்கடைக்கு அல்ல, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேபினில்

ஏறும்போது லீவரைப் பிடித்துத் தொங்காதீர்கள், கைப்பிடி இருக்கிறது. சீட் முன்பக்கம் பார்த்துப் பூட்டியிருக்க வேண்டும். பின் கை மடங்கி லாக் ஆகியிருக்க வேண்டும், ஊன்றுகால்கள் மேலே இருக்க வேண்டும். இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அப்புறம் சீட் பெல்ட். வண்டி சாய்ந்தால் குதித்துவிட வேண்டும் என்று சில மூத்த ஆபரேட்டர்களே சொல்வார்கள். கேட்காதீர்கள். கவிழ்ந்தால் தாங்கத்தான் கேபின் சட்டத்தை வைத்திருக்கிறார்கள். குதிப்பவர் பெரும்பாலும் வண்டி விழும் பக்கம்தான் விழுவார்.

அள்ளுவது

முதல் கியரில் குவியலுக்கு நேராக வாருங்கள். பக்கெட்டின் அடிப்பாகம் தரையோடு படிந்திருக்கட்டும். வேகமாக மோத வேண்டாம். மெதுவாக நுழைத்து, லேசாகத் தூக்கிக்கொண்டே உங்கள் பக்கம் மடக்குங்கள். சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை விடுங்கள், பக்கெட் தரையை அதிகம் அழுத்துகிறது என்று அர்த்தம். குவியலின் அடியை மட்டும் குடைந்தால் மேல்பகுதி தொங்கிக்கொண்டு நின்று திடீரென்று சரியும்.

பக்கெட் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கன மீட்டர், அதாவது 35 கன அடி. மூன்று பக்கெட் போட்டால் 100 கன அடி, ஒரு யூனிட். ஒரு பக்கெட் எம்-சாண்டே ஒன்றரை டன்னைத் தாண்டும், நனைந்திருந்தால் இன்னும் கூடும்.

அந்த எடையை எந்த உயரத்தில் கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரையில் இருந்து ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. நான் பழகிய இரண்டாவது வாரம், நேரம் மிச்சமாகும் என்று பக்கெட்டை டிப்பர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே ஓட்டினேன். முந்தின நாள் மூடிய குழாய்க் குழியில் இடது முன் சக்கரம் இறங்கியது. வலது பின் சக்கரம் எழும்பியது இடுப்பில் தெரிந்தது. பக்கெட்டை உடனே இறக்கியதால் வண்டி மறுபடி தரையில் உட்கார்ந்தது. டிப்பர் பக்கத்தில் வந்த பிறகுதான் தூக்க வேண்டும்.

கொட்டும்போது டிப்பர் கேபினுக்கு மேலாகப் பக்கெட்டைக் கொண்டுபோகாதீர்கள், பக்கவாட்டில் இருந்து கொட்டுங்கள். டிரைவர் எங்கே நிற்கிறார் என்று கண்ணால் பார்த்த பிறகே லீவரைத் தொடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும் முன் வண்டி முழுதாக நிற்க வேண்டும். ஹாரன் அடியுங்கள், கண்ணாடியை மட்டும் நம்பாமல் திரும்பிப் பாருங்கள்.

சரிவில் ஒரே கணக்கு: சுமை மேட்டுப் பக்கம். நிறைந்த பக்கெட்டோடு ஏறுவது முன்னோக்கி, இறங்குவது ரிவர்ஸில். நியூட்ரலில் உருட்டவே கூடாது.

மேலே மின்கம்பி இருந்தால் 10 அடியாவது தள்ளியே வேலை செய்யுங்கள். தொட்டுவிட்டால் கேபினிலேயே உட்கார்ந்து, யாரும் கிட்டே வராதபடி கத்துங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதியுங்கள். பிறகு பாதங்களைப் பிரிக்காமல், தரையை விட்டுத் தூக்காமல் நகர்ந்து போங்கள்.

தெருவிளக்கு மாட்டவும், தலைவர்களுக்குப் பூத்தூவவும் பக்கெட்டில் ஆள் ஏற்றச் சொல்வார்கள். எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் அவரைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை.

நிறுத்துவது

சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் படுக்க வையுங்கள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். டர்போ ஆற மூன்று நான்கு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு இஞ்சினை அணையுங்கள். அணைத்த பிறகும் லீவரை முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்தால் ஹோஸில் தங்கிய அழுத்தம் இறங்கும். சாவியை வண்டியில் விடாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வண்டியைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் விளையாட வருவார்கள்.